ஆசிரியர் குறியீடு

மைனா அனுப்பிய குறியீடு தப்பானது என்று முதலில் கண்டுபிடித்தவள் அவளுடைய அக்காதான். அதுவும் பல் தேய்த்துக்கொண்டே.

மைனா என்பது வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். வாய் ஓயாத பிள்ளை. சித்தி மகள். சித்தியும் சித்தப்பாவும் வேலைக்காக வேறு ஊரில் இருந்ததால், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் ஒரு பெட்டியோடும் ஒரு பை நிறையச் செருப்புகளோடும் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்த வீட்டுப் பெண்ணும் அதே துறைதான், அதே வகுப்புதான். இரண்டு பேருக்கும் சில மாத வித்தியாசம். ஆனாலும் மைனா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். காரியம் ஆக வேண்டியிருந்தால் அந்த அக்கா இன்னும் கொஞ்சம் நீளும். காரியம் இல்லாத நேரங்களில் ஊமைக்கோட்டான்.

மூத்தவளுக்கு அந்தப் பட்டம் பொருந்தத்தான் செய்தது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்கமாட்டாள். வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளறையிலிருந்து தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்து, செம்பை வைத்துவிட்டு, வந்த வழியே போய்விடுவாள். மைனாதான் வந்தவர்களை உட்கார வைத்து, சிரிக்க வைத்து, வாசல் வரை போய் வழியனுப்புவாள். "எனக்கு ரெண்டு பொண்ணு. ஒண்ணு வானொலி, ஒண்ணு அலமாரி" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். அதைச் சொல்லும்போது அம்மாவின் கை வானொலியின் தோளில்தான் இருக்கும்.

போன பருவத்தில் நிரலெழுதும் பாடத்துக்கு ஒரு பெரிய வேலை கொடுத்திருந்தார்கள். பல மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், யாரை முதலில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்யும் நிரல். மூத்தவள் அதில் உயிரை விட்டாள். ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்குப் போய், வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து, லிஃப்ட் எப்படிப் போய் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காவலாளி வந்து, "யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து வந்துவிட்டாள். வந்து எழுதினாள். நிரலின் நடுவே ஒரு குறிப்பும் போட்டாள்: "கீழே போகிறவர் கொஞ்சம் பொறுக்கட்டும்."

அப்போதெல்லாம் நிரலை மின்னஞ்சலில்தான் அனுப்புவார்கள். முதலில் வந்தது அசல், பின்னால் வந்தது நகல் என்று பேராசிரியர் ஒரு சுலபமான கணக்கு வைத்திருந்தார். மூத்தவள் எழுதியதை மறுபடியும் மறுபடியும் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, மைனா அதே மேசையில் இருந்த கணினியிலிருந்து அதை எடுத்து, தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டாள். குறிப்பைக்கூட மாற்றவில்லை. மூத்தவள் அனுப்பியது அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

பேராசிரியர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். எந்த மாணவனின் நிரலைத் திறந்தாலும் விட்டுப்போன அரைப்புள்ளியை முதலில் கண்டுபிடிப்பவர் என்பதால் அவருக்குச் செமிகோலன் என்று பெயர். அவர் கேட்டதும் மைனா பேசினாள். லிஃப்டைப் பற்றிப் பேசினாள், மாடிகளைப் பற்றிப் பேசினாள், அக்காவுக்கு உடம்பு சரியில்லாததால் தான் உதவப்போய் இப்படி ஆகிவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள். கடைசியில் செமிகோலன் மூத்தவளிடம் திரும்பி, "நீ என்னம்மா சொல்றே?" என்றார்.

"சார்..." என்றாள் மூத்தவள். அதற்கு மேல் வரவில்லை. கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைனாவுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். மூத்தவளுக்குப் பூஜ்யம். இந்தப் பருவம் அவள் அதே பாடத்தை, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும்.

அம்மா, "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. உன் தங்கச்சிதானே, விட்டுத் தொலை" என்றாள். அப்பா செய்தித்தாளை மடித்து, "படிப்புல இதெல்லாம் சகஜம்" என்றார். மைனா அன்று சாயங்காலம் ஒரு ஜோடிக் காதணி வாங்கி வந்து மேசையில் வைத்தாள். "கோவமாக்கா? நீதான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. நான் என்ன உன் வாயைப் பொத்தினேனா?"

மூத்தவள் காதணியை எடுத்து இழுப்பறையில் போட்டாள். அவள் விட்டுத் தொலைத்துவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அவளோ ஒன்றே ஒன்றுக்காகக் காத்திருந்தாள். தான் நின்ற இடத்தில் மைனா நிற்க வேண்டும். எல்லோரும் பார்க்க, உண்மையைச் சொல்லியும் ஒருவரும் நம்பாமல் நிற்க வேண்டும். எப்படி என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இந்தப் பருவம் துறையில் ஓர் இணையத்தளத்தை வாங்கியிருந்தார்கள். இனி மின்னஞ்சல் கிடையாது. மாணவர்கள் அந்தத் தளத்துக்குள் போய், அங்கேயே நிரலை எழுதி, அங்கேயே ஓட்டிப் பார்த்து, அங்கேயே ஒப்படைக்க வேண்டும். அடுத்த நொடி தளமே திருத்தி மதிப்பெண் போட்டுவிடும். செமிகோலனுக்கு இதிலெல்லாம் பொறுமை இல்லை. பிள்ளைகளைத் தளத்தில் சேர்த்துவிட ஓர் உதவியாளர் வேண்டும் என்றார். போன பருவம் முதலில் வந்த மாணவிக்கே அந்த வேலை கிடைத்தது. அன்று மைனா வீட்டுக்குள் நுழைந்த நுழைவைப் பார்த்து, பெரியம்மா அவளுக்குத் திருஷ்டி கழிக்காத குறைதான்.

மூத்தவள் அந்தத் தளத்தின் தொடக்க வழிகாட்டியை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். படங்களோடு நீளமாக இருந்தது. அதை முழுதாகப் படித்தவள் அந்தத் துறையிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள். ஒரு பாடத்துக்கு இரண்டு குறியீடுகள் உண்டு என்று அதில் போட்டிருந்தது. ஒன்று மாணவர்களுக்கு. அதைத் தட்டினால் பயிற்சியும் ‘தொடங்கு’ என்ற பொத்தானும் மட்டும் தெரியும். இன்னொன்று ஆசிரியர்களுக்கு. அதைத் தட்டி உள்ளே போகிறவர்கள் எதையும் பார்க்கலாம், எதையும் மாற்றலாம். அமைப்புகள் பக்கத்தில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஆசிரியர் குறியீட்டை மாணவர்களுக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று வழிகாட்டி தடித்த எழுத்தில் சொல்லியிருந்தது.

மைனா தடித்த எழுத்தைப் படிக்கிற ஆள் இல்லை. மேலே இருந்ததை எடுத்து அனுப்பிவிட்டாள்.

முதல் ஆய்வக வகுப்பு அன்று காலை. மைனா குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே வகுப்புக் குழுவுக்குச் செய்தி போட்டிருந்தாள். "செல்லங்களா, இதோ உங்க கோட். பத்து மணிக்கு லேப்ல எல்லாரும் சேரணும். துறைத்தலைவர் வர்றார், மானத்தை வாங்கிடாதீங்க!" உள்ளே மூத்தவள் வாயில் பிரஷ்ஷோடு கைப்பேசியில் அந்தக் குறியீட்டைத் தட்டினாள். அவள் எதையும் முன்கூட்டியே செய்து பார்த்துவிடுகிற ஜாதி.

‘தொடங்கு’ பொத்தான் வரவில்லை. இடது பக்கத்தில் ஒரு நீண்ட பட்டை திறந்துகொண்டது. உறுப்பினர்கள். மதிப்பெண்கள். மறைசோதனைகள். அமைப்புகள். மறைசோதனைகள் என்பது மாணவரின் நிரல் சரியா என்று தளம் யாருக்கும் காட்டாமல் போட்டுப் பார்க்கிற கேள்விகள். அதையும் திறந்து பார்த்தாள். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். நுரையைத் துப்பிவிட்டுக் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அப்போது பட்டையின் கடைசியில் ‘மாதிரி நிரல்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டது. தட்டினாள்.

லிஃப்ட். அவளுடைய லிஃப்ட். மேலே மைனாவின் முழுப்பெயர். "சென்ற பருவத்தின் சிறந்த நிரல். இப்படித்தான் எழுத வேண்டும்" என்று செமிகோலனின் வாக்கியம். நடுவில், ஓர் எழுத்துகூட மாறாமல், கீழே போகிறவர் கொஞ்சம் பொறுக்கட்டும்.

"அக்கா, உள்ள தூங்கிட்டியா?" என்று மைனா கதவை உதைத்தாள்.

மூத்தவள் கைப்பேசியை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அலமாரியின் முகம்.

சாப்பாட்டு மேசையில் மைனா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். "கோட் போட்டுப் பார்த்தியா? உள்ள போகுதா?"

"ம். போகுது."

"பிரச்சினை ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு ஒண்ணும் இல்லை."

"அப்பாடா! நீ பார்த்துட்டேன்னா சரியாத்தான் இருக்கும். பெரியம்மா, உங்க பொண்ணு பேசமாட்டா, ஆனா செக் பண்ணிட்டான்னா கல்வெட்டு!"

"உனக்கு உதவியா இருக்காளேன்னு சந்தோஷப்படு" என்றாள் அம்மா. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பிள்ளைகள் சமாதானம் ஆகிவிட்டார்கள். மூத்தவளின் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டை வைத்தாள். மூத்தவள் அதையும் சாப்பிட்டாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல பசி.

பேருந்தில் மைனா துறைத்தலைவரிடம் என்ன பேசப்போகிறேன் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். "சார், இந்தத் தளம் மாணவர்களோட தன்னம்பிக்கையை... தன்னம்பிக்கையா, தன்னார்வமாக்கா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"நீ ஏன் சிரிக்கிறே?"

"சிரிக்கலையே."

"சிரிச்சே. ஓரமா ஒரு சிரிப்பு. ஊமைக்கோட்டான் சிரிச்சா மழை வரும்" என்று சொல்லி மைனா தோளில் இடித்தாள். மூத்தவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். குறியீட்டை மாற்ற இன்னும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, மிட்டாயை வைத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

ஆய்வகத்தில் குளிர்சாதனம் வழக்கம்போல் அதிகமாக வைத்திருந்தார்கள். முன்சுவரில் பெரிய திரை. அதில் செமிகோலனின் கணினி தெரிந்தது. திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தலை, மடியில் கைக்குட்டை. மைனா நடுவில் நின்று கை தட்டினாள்.

"எல்லாரும் கோட் போட்டு உள்ள வாங்க! முதல் பயிற்சி ரொம்பச் சுலபம். உங்க பேரைக் கேட்டு வணக்கம் சொல்ற ஒரு நிரல், அவ்வளவுதான். பாதி நாங்களே எழுதிவெச்சிருக்கோம். மீதியை நீங்க முடிக்கணும்."

பிள்ளைகள் குறியீட்டைத் தட்டினார்கள். மூத்தவள் கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஒரு விசையைக்கூடத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு திரையில் இருந்த தொடக்க நிரலின் முதல் வரி தானாக அழிந்தது. ஆசிரியரின் அசல் பிரதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் விடை எழுத ஆரம்பித்திருந்தார்கள். தங்கள் தங்கள் பிரதி என்று நினைத்துக்கொண்டு. நிறம் நிறமாகச் சுட்டிகள் ஈக்கள்போல மொய்த்தன. ஒருவன் எழுதிய வரிக்குள் இன்னொருத்தி புகுந்தாள்.

"யாருடா என் வரியை அழிக்கிறது?" என்று ஒரு குரல்.

"நீதான்டா என்னோடதுல எழுதறே!"

"டேய், இங்க பாரு, மார்க் போடற இடம் தெரியுது!"

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும். ஒருத்தன் தனக்கு நூறு போட்டுக்கொண்டான். பக்கத்திலிருந்தவன் அதை அழித்துத் தனக்குப் போட்டுக்கொண்டான். பயிற்சியின் தலைப்பு ‘முதல் வணக்கம்’ என்பது ‘இன்று விடுமுறை’ என்று மாறியது. மறைசோதனைகள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. மாதிரி நிரலின் லிஃப்ட் மொட்டை மாடியைத் தாண்டி மேலே போக ஆரம்பித்தது.

"யாரும் எதையும் தொடாதீங்க!" என்று செமிகோலன் கத்தினார். இன்னும் தொடாமல் இருந்தவர்களும் அதைக் கேட்டுத்தான் தொட்டார்கள்.

மைனா ஓடிப்போய்த் தன் மடிக்கணினியில் தட்டினாள். அவள் முகம் மாறியது. யாரோ ஒரு புண்ணியவான் உறுப்பினர் பக்கத்தில் விளையாடி அவளையே பாடத்திலிருந்து நீக்கியிருந்தான். ‘இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது அவள் திரை.

துறைத்தலைவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இதுக்குத்தான் இவ்வளவு செலவு பண்ணினோமா?" என்று மெதுவாகக் கேட்டார். வகுப்பு கப்சிப் என்று அடங்கியது.

செமிகோலன் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தார். வகுப்புக் குழுவில் வந்திருந்த குறியீட்டைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "நீ அனுப்பினது டீச்சர் கோட்."

மைனா வாயைத் திறந்தாள். வழக்கமாக அந்த வாய் திறந்தால் வார்த்தை வரிசை கட்டி நிற்கும். இப்போது கொஞ்சம் தடுமாறித்தான் வந்தது.

"சார், நான்... ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு சார். ஆனா அனுப்பிட்டு நான் சும்மா விடலை. செக் பண்ணினேன். அக்காகிட்ட காலையிலேயே கேட்டேன் சார். போட்டுப் பார்த்துட்டு, சரியா இருக்குன்னு அவதான் சொன்னா. சத்தியமா சார். அவளையே கேளுங்க. அக்கா, சொல்லுக்கா!"

அந்தக் கடைசி அக்கா நன்றாக நீண்டது. எல்லோரும் மூலைக்குத் திரும்பினார்கள்.

மூத்தவள் எழுந்து நின்றாள்.

"உன்கிட்ட கேட்டாளா?" என்றார் செமிகோலன்.

மைனாவின் கண்கள் அவளைக் கெஞ்சின. நிஜமான கெஞ்சல். நடிப்பு எது, நிஜம் எது என்று ஒரே அறையில் படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதா? மைனா தன் வாழ்நாளிலேயே கலப்படம் இல்லாமல் பேசிய பேச்சு அது.

"இல்லை சார்" என்றாள் மூத்தவள். "கேட்கலை."

மைனா அடிபட்டவள்போல் நின்றாள். "அக்கா!" என்றாள். "பெரியம்மா இருந்தாங்க! ரொட்டி சாப்பிடும்போது! சார், பொய் சொல்றா சார்!"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரொட்டிக்காக இருக்கலாம். செமிகோலன் மைனாவைப் பார்த்த பார்வையை மூத்தவள் அடையாளம் கண்டுகொண்டாள். போன பருவம் தன் மேல் விழுந்த அதே பார்வை.

"வாயே திறக்காத பொண்ணு மேல பழியைப் போடறியே, வெட்கமா இல்லை?" என்றார் அவர். "உதவியாளர் வேலை இன்னியோட போதும். வெளிய போய் நில்லு."

துறைத்தலைவர் எழுந்து, "முதல்ல இதை ஒழுங்கு பண்ணுங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மைனா அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். தன்னம்பிக்கையைப் பற்றியோ தன்னார்வத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மூத்தவள் ஒவ்வொரு சத்தத்தையும் வாங்கிக்கொண்டாள். தாகத்தோடு தண்ணீர் குடிப்பதுபோல.

வகுப்பை அனுப்பிவிட்டுச் செமிகோலன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "இதை எப்படிச் சரி பண்றது?"

"நான் பண்றேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் தன்னிடம் முழு வாக்கியம் பேசி அவர் கேட்டதே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தார்.

அவள் உட்கார்ந்தாள். உறுப்பினர்கள் பக்கத்தைத் திறந்தாள். செமிகோலன் பெயரை மட்டும் விட்டுவிட்டு எல்லோரையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ‘பங்கு’ என்பதைத் தட்டி, மாணவர் என்று மாற்றினாள். அமைப்புகளில் பழைய குறியீட்டை ரத்துசெய்து புதிதாக இரண்டு வாங்கினாள். பயிற்சியின் வரலாற்றைத் திறந்து, வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வடிவத்தை மீட்டாள். மறைசோதனைகள் திரும்பி வந்தன. லிஃப்ட் கட்டடத்துக்குள் இறங்கியது. அவள் கை எங்கேயும் நிற்கவில்லை, எதையும் தேடவில்லை.

செமிகோலன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வியப்பாகப் பார்த்தார். பிறகு வேறு மாதிரி.

"இந்தப் பக்கமெல்லாம் டீச்சருக்கு மட்டும்தானே தெரியும்?" என்றார்.

"ஆமா சார்."

"எனக்கே அந்த ‘பங்கு’ங்கிறது எங்க இருக்குன்னு தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் விரல் சுட்டியின் மேல் நின்றது. வழிகாட்டியில் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அன்றைக்கு அவள் எதைச் சொன்னாலும் அவர் நம்புகிற நிலையில் இருந்தார். அதுதான் அவளுக்குத் திடீரென்று பொறுக்கவில்லை.

"காலையிலேயே உள்ள போயிட்டேன் சார். எல்லாத்தையும் பார்த்தேன்."

"அப்ப டீச்சர் கோட்னு..."

"தெரியும்."

"அவ உன்கிட்ட கேட்டாளா?"

"கேட்டா. பொய் சொல்லலை சார் அவ. இன்னிக்கு மட்டும்."

செமிகோலன் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நீ பண்ணினது என்னன்னு தெரியுதா? ஒரு வகுப்பையே... துறைத்தலைவர் முன்னாடி..."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் பண்ணினேன்." அவள் குரல் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் அறையில் வேறு சத்தம் இல்லை. "அன்னிக்கு நல்லாப் பேசினவளை நம்பினீங்க. இன்னிக்கு பேசாதவளை நம்பினீங்க. ரெண்டு நாளும் என்ன நடந்துச்சுன்னு நீங்க பார்க்கவே இல்லை."

நிரலில் விட்டுப்போனதை மட்டும் கண்டுபிடிக்கிற மனிதர், எதிரில் இருப்பவளை இப்போதுதான் பார்த்தார்.

அவள் மாதிரி நிரலைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இது என்னோட லிஃப்ட் சார். கீழே போறவங்க ஏன் பொறுக்கணும்னு அவளைக் கேளுங்க. உங்களுக்கும் தெரியாது. படிக்கட்டுல இறங்கறவங்களுக்கு வலி கம்மி, ஏறறவங்களுக்குத்தான் கஷ்டம். ஆஸ்பத்திரியில உட்கார்ந்து பார்த்தேன்."

செமிகோலன் அந்தக் குறிப்பை மறுபடி படித்தார். பிறகு, "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் துறைத்தலைவர் அறைக்கு வாங்க. இந்த நிரலைப் பத்தி ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேட்கணும். முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார். எழுந்திருக்கும்போது சொன்னார். "இன்னிக்கு நடந்ததுக்கு உனக்கும் தண்டனை உண்டு. சின்னதா இருக்காது. இந்தப் பருவமே போகலாம்."

"போகட்டும் சார்."

"பயமா இல்லையா?"

"ஏற்கெனவே ஒரு பருவம் சும்மா போச்சு. இது நான் பண்ணினதுக்குப் போகுது."

தாழ்வாரத்தின் கடைசியில், தண்ணீர்க் குழாயை ஒட்டிய சுவரில் சாய்ந்து மைனா நின்றாள். கண் வீங்கியிருந்தது. மூத்தவளைப் பார்த்ததும் பாய்ந்து வந்தாள்.

"பாவி! எப்படிடி உனக்கு மனசு வந்துச்சு? ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

டி போட்டுவிட்டாள். மூத்தவளுக்கு அது பிடித்திருந்தது. அக்கா என்ற அழைப்பைவிடச் சுத்தமாக இருந்தது.

"நீதானே சொன்னே, நான் என்ன உன் வாயைப் பொத்தினேனான்னு" என்றாள். "நானும் பொத்தலை. நீ நல்லாத்தான் பேசினே."

"நான் நிஜத்தைச் சொன்னேன்! ஒருத்தரும் நம்பலை!"

"எப்படி இருந்துச்சு?"

மைனாவின் உதடு கோணியது. மூத்தவள் காத்திருந்தாள். அவசரமே இல்லை. பதில் வரவில்லை என்று தெரிந்த பிறகு, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தாள். மைனா கொஞ்சம் பின்தங்கி வந்தாள். வீட்டுக்குப் போக இருவருக்கும் அந்த ஒரு பேருந்துதான்.

நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள்.

"உள்ள இவ்வளவு நேரம் என்ன பண்ணினே?" என்று மைனா தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"சாருக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ கேட்டது, நான் மறைச்சது. லிஃப்டையும்."

மைனா சட்டென்று திரும்பினாள். தன் பக்கம் நியாயம் வந்துவிட்டது என்ற வெளிச்சமும், லிஃப்ட் என்ற இருட்டும் அவள் முகத்தில் ஒன்றையொன்று தள்ளின. "லிஃப்டையுமா?"

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேட்பாங்களாம். துறைத்தலைவர் அறையில."

"தனித்தனியா எதுக்கு?"

"நிரலைப் பத்தி. எந்த வரி எதுக்குன்னு."

மைனா பேசாமல் இருந்தாள். அவள் இப்படி இருந்து யாரும் பார்த்ததில்லை. பேருந்து ஒன்று வந்தது, அவர்களுடையது இல்லை, போய்விட்டது. பிறகு அவள் பெஞ்சின் முனையிலிருந்து கொஞ்சம் நகர்ந்து வந்தாள். இன்னும் கொஞ்சம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"அக்கா... நீ போட்டிருந்தியே, கீழே போறவங்க பொறுக்கட்டும்னு. அது ஏன்க்கா?"

மூத்தவள் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டாள். அவர்களுடைய பேருந்து திருப்பத்தில் தெரிந்தது. எழுந்து கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"தெரியலையே" என்று சொல்லிவிட்டு முதலில் ஏறினாள்.